என்னைத் தெரிந்த ஒருவர் தேவை

ஜனவரி 6

தங்கைக்கு,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். ஏழு வருடமாக ஒரு வரி எழுதாதவன் காரியம் இருந்தால்தான் எழுதுவான் என்று நினைப்பாய். சரிதான், காரியம்தான்.

என் இடது கன்னத்தில் ஒரு நோய் குடிவந்திருக்கிறது. முக நரம்பில் கோளாறு. வீக்கமில்லை, சிவப்பில்லை, பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பல் துலக்கினாலோ, மின்விசிறிக் காற்று பட்டாலோ, வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசினாலோ, காதிலிருந்து தாடை வரைக்கும் மின்னல் வெட்டும். வெட்டி ஓய்ந்ததும் அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் நோய். வகுப்பறையில் வரலாறு கத்தியே காலம் தள்ளியவனுக்கு இப்போது வாயைத் திறக்கப் பயம். அதனால்தான் தொலைபேசியில் கூப்பிடாமல் எழுதுகிறேன். மரியாதை என்று எண்ணிவிடாதே.

எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. வாசலில் பலகை: மூட்டு வலியா, தூக்கம் இல்லையா, சர்க்கரையா, மூச்சிரைப்பா, தோல் அரிப்பா, புதிய மருந்து ஆய்வுகளுக்குத் தன்னார்வலர்கள் தேவை. ஓட்டல் வாசலில் இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று எழுதிப்போட்டிருப்பது போல. கடைசி வரியில் என் நோயும் இருந்தது. உள்ளே போனேன். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள், தகுதி இருக்கிறது என்றார்கள். எனக்குத் தகுதி இருக்கிறது என்று ஒருவர் வாயால் கேட்பது இதுவே முதல் தடவை. உன் வீட்டுக்காரரிடம் சொல்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். இந்த மருந்து மூளையைத் தொடுவது. சாப்பிடுகிறவனுக்கே தன்னிடம் நடக்கும் மாறுதல் தெரியாமல் போகலாமாம். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைநபர் வேண்டும். நெடுநாள் தெரிந்தவராக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, ஆள் பழைய ஆளாகவே இருக்கிறானா என்று கேட்பார்கள். ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை, கடிதத் தொடர்பே போதும் என்கிறார்கள்.

"ஃபிரண்ட்ஸ் யாராவது சொல்லுங்க சார்" என்றாள் அங்கே இருக்கும் பெண்.

இல்லை என்று எழுதிக் காட்டினேன்.

"கூட வேலை பார்த்தவங்க?"

அதற்கு நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி சார். கூடப் பொறந்தவங்க?"

யோசித்தேன். என்னை முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அம்மா போய்விட்டாள். மிச்சம் நீ.

முடியும் அல்லது முடியாது, ஒரு சொல் எழுதினால் போதும். உன் வீட்டுக்காரர் மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டு நான் தலைமையாசிரியர் ஆகாமல் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். 'முன்கோபி, வன்மம் பாராட்டுபவர், பொறுப்புக்கு லாயக்கற்றவர்.' அந்த வாசகம் எனக்கு மனப்பாடம்.

அண்ணன்

ஜனவரி 14

அண்ணா,

ஒரு சொல் கேட்டாய். முடியும்.

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் நாள் முழுக்க பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடி ஓட்டை வழியாக ஊரார் திட்டு அத்தனையும் வாங்குகிறவள். உன் கடிதம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. உனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படித்தேன்.

கன்னத்தைப் பற்றிய பகுதியை மட்டும் மறுபடி படித்தேன். அவரிடமும் படித்துக் காட்டினேன். வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "அந்த மனுஷன் பேசாம இருக்கணும்னா எவ்வளவு வலிச்சிருக்கணும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அண்ணா. நீ கேலியாகத்தான் எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். நல்ல பெண். "உங்க அண்ணன் சாதாரணமா எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க, பின்னால ஒப்பிட்டுப் பார்க்க வேணும்" என்றாள். எங்கே தொடங்குவது? எந்த வீட்டில் சாப்பிட்டாலும் குறை சொல்வான், யார் வீட்டில் யார் செத்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பான், பெஞ்சில் ஏற்றி நிறுத்திய பையனுக்கே சாயங்காலம் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவான், மறுநாள் குடையைத் திருப்பித் தரவில்லை என்று மறுபடி பெஞ்சில் ஏற்றுவான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "இதை எப்படி மேடம் எழுதறது?" என்றாள். "கோபக்காரர்னு எழுதிக்கோம்மா" என்றேன்.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வாரம் தவறாமல் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆள் மாறிவிட்டான் என்று சொல்லிவிடுவேன்.

தங்கை

பிப்ரவரி 11

தங்கைக்கு,

குடை விஷயத்தை எதற்கு அவளிடம் சொன்னாய்? போன வாரம் மழை வந்தபோது "குடை இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். என் மானத்தை வாங்குவதற்கென்றே ஒரு துணைநபரைத் தேடிப் பிடித்திருக்கிறேன்.

மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாதாம். எனக்கு மாவுதான் விழுந்திருக்கும். நேற்று ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் குடிக்கும்போதே மூன்று தடவை வெட்டியது. கிண்ணத்தைச் சுவரில் அடித்தேன்.

காத்திருக்கும் அறையைப் பற்றி எழுதுகிறேன், வேறென்ன இருக்கிறது எழுத. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு நிறத்தில் கைவளையம் மாட்டுகிறார்கள். மூட்டுவலிக்காரர்களுக்குப் பச்சை. நின்றுகொண்டே இருப்பார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம். தூக்கமில்லாதவர்களுக்கு மஞ்சள். அறையில் குறட்டை விடுவது அவர்கள்தான். எங்களுக்கு வெள்ளை. நாங்கள் நாலைந்து பேர் சன்னலுக்கு எதிர்ப்பக்கம், காற்றுப் படாத மூலையில், ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்போம். சன்னலைத் திறக்க யாராவது எழுந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவோம். இத்தனை வருடத்தில் நான் சேர்ந்த ஒரே சங்கம் இது.

எங்களில் ஒருவர் லாரி ஓட்டியவர், தடித்த ஆள். அவருக்கு மருந்துதான் விழுந்திருக்க வேண்டும். போன தடவை வந்தபோது சன்னலோரம் போய் உட்கார்ந்தார். முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நாம் சுவரில் காலண்டரைப் பார்ப்போமே, அப்படி. பார்த்துவிட்டு மறுபடி சன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். இந்த வாரம் அவர் வரவில்லை.

உன் வீட்டுக்காரர் சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி எடுத்துக்கொண்டேன்.

அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

ஆப்பிளைக் கடித்தேன்.

நறுக்காமல், முழுப் பழத்தை, இடது பக்கப் பல்லால். வெட்டு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. முழுவதும் தின்று முடித்து, விதையையும் மென்றேன். மூன்று நாளாக வலி இல்லை. சவரம் செய்துகொண்டேன். கண்ணாடியில் அப்பா மாதிரி இருக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்த மனுவின் வாசகம் நினைவுக்கு வந்தது. எல்லாச் சொல்லும் வரிசையாக வந்தன. வழக்கமாக அதன் பின்னாலேயே வயிற்றில் ஒன்று கிளம்பும். அது வரவில்லை. மாடி ஏறும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் காலைத் தூக்கி வைத்து, அங்கே படி இல்லாமல் தரை வருமே, அது போல இருந்தது. மாப்பிள்ளை முகத்தை நினைத்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கணக்கு வாத்தியார். அவ்வளவுதான்.

அவரிடம் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு. உண்மையாகவே ஒன்றும் இல்லை.

இப்போது பேசலாம், வலிக்காது. ஆனாலும் எழுதுவதே வசதியாக இருக்கிறது.

அண்ணன்

மார்ச் 10

என் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்தார். ஏழு வருடம், அண்ணா. தெருமுனையில் உன்னைப் போல் ஒருவர் நடந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். இனி இறங்க வேண்டாம்.

எனக்குத் தெரியும். வலிதான் உன்னைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. கன்னத்துக்கு வருவதற்கு முன்பே வேறெங்கோ இருந்திருக்கிறது. அது போனதும் நீ வெளியே வந்துவிட்டாய். கவுன்டரில் இன்று ஒருவன் சில்லறைக்காக என் வம்சத்தையே இழுத்துத் திட்டினான். "நல்லா இருங்கண்ணே" என்றேன். பயந்துபோய்ச் சில்லறை வாங்காமலே போய்விட்டான்.

அந்தப் பெண் கூப்பிட்டாள். வழக்கமான கேள்விகள். தூக்கம், சாப்பாடு, ஞாபகம். பிறகு, "குணத்தில ஏதாவது மாற்றம் தெரியுதா மேடம்?" என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். என் அண்ணன் மன்னித்துவிட்டான் என்று. அப்புறம் நினைத்தேன், அதைப் பக்கவிளைவு என்று எழுதிக்கொண்டு மருந்தை நிறுத்திவிட்டால்? மன்னிப்பது ஒரு வியாதியா?

"ஒண்ணும் இல்லம்மா, அவர் எப்பவும் போலதான் இருக்கார்" என்றேன்.

வருகிறாயா? அடுத்த மாதம் ஒரு ஞாயிறு சொல். அவர் ஸ்டேஷனுக்கே வருகிறேன் என்கிறார்.

தங்கை

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வராமல் இருப்பதிலும் இல்லை. உங்களுக்கு எது தோதோ அப்படியே செய்யலாம்.

இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது. வாரம் தவறாமல் எழுதச் சொன்னாய், எழுத ஒன்றும் தோன்றவில்லை. இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தேநீர் போடும்போது கொதிக்கிற பாத்திரத்தின் மேல் கையை வைத்துவிட்டேன். வலித்தது. அது என் கை என்பதும் தெரிந்தது. ஆனால் எடுக்க வேண்டும் என்று உடனே தோன்றவில்லை. பிறகு எடுத்தேன். நிலையத்தில் கட்டுப் போட்டுவிட்டார்கள். எப்படி என்று கேட்டார்கள், கைதவறி என்றேன். அதுவும் பொய் இல்லை.

வியாழக்கிழமை மாடிப்படியின் திருப்பத்தில் கீழ்வீட்டு அம்மா விழுந்து கிடந்தார். உனக்கு அவரைத் தெரியாது. பேச முடியாமல் நான் இருந்த நாளில் கடைக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் பால் வாங்கி வந்து கதவில் மாட்டிவிட்டுப் போவார். பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் படியெல்லாம் உருண்டு கிடந்தன. கண் திறந்திருந்தது, வாய் அசைந்தது. நான் பழங்களைப் பொறுக்கினேன். ஒரு படியில் வரிசையாக வைத்தேன், சிறியது முதல் பெரியது வரை. பார்க்க நன்றாக இருந்தது. பிறகு மேலே போய்த் தேநீர் போட்டேன். வேறு யாராவது வருவார்கள் என்று எண்ணினேனா என்று கேட்டால், இல்லை. அப்படியும் எண்ணவில்லை.

பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. காவலாளி மேலே வந்து, "சார், நீங்க அந்தப் பக்கமாத்தானே வந்தீங்க, பார்க்கலையா?" என்றான்.

"பார்த்தேன்" என்றேன்.

அவன் நின்றுகொண்டே இருந்தான். தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்

ஏப்ரல் 7

ஏய்,

உனக்கு அண்ணா ஒரு கேடா?

உண்மையைச் சொல்லட்டுமா? நீ தலைமையாசிரியர் ஆகியிருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேலி போட்டுத் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தியிருப்பார்கள், உள்ளே இருப்பவர்கள் ஓடிவிடக் கூடாதே. மனுவில் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டார்கள், தெரியுமா? பேனா போதாமல் கை மாற்றி மாற்றிப் போட்டார்களாம். பியூன் தனக்கும் ஓர் இடம் கேட்டானாம். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் பிள்ளைகள் மணி அடிக்காமலே வெளியே ஓடிவந்து கத்தினார்கள். நீ எதற்கோ கொடி ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பாய்.

பத்து வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுதினாயே, மூட்டை மூட்டையாக அச்சடித்து. அது எங்கே இருக்கிறது என்று கேட்டாயா? விளையாட்டுச் சாமான் அறையில், ஓட்டைப் பந்துகளுக்கு அடியில், தரையில். கரையான் தின்று முடித்துவிட்டது. முன்னுரையில் அச்சுப்பிழை இருந்ததே, கரையான் அதைக்கூடத் திருத்தவில்லை.

அம்மா கடைசியில் யாரைக் கேட்டாள் தெரியுமா? என் வீட்டுக்காரரை. "மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே" என்று. உன் பேரை எடுக்கவே இல்லை. நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய், உன்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

கோபம் வருகிறதா? பல்லைக் கடிக்கிறாயா? தாளைக் கிழிக்கத் தோன்றுகிறதா? கிழி. கிழித்துவிட்டு எனக்கு எழுது, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று. உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் எழுது. உடனே எழுது.

அந்தக் கீழ்வீட்டு அம்மா எப்படி இருக்கிறார் என்றும் எழுது.

ஏப்ரல் 12

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அவசரமாக எழுதினாய் போல. நன்றாக எழுதியிருக்கிறாய், பள்ளியில் உன் கட்டுரைகளில் இவ்வளவு வேகம் இருந்ததில்லை.

கரையானுக்காவது புத்தகம் பயன்பட்டது. அம்மா மாப்பிள்ளையைக் கேட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர்தான் வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பார், அதனால் கேட்டிருப்பாள்.

கீழ்வீட்டு அம்மா இறந்துவிட்டார். அன்று சாயங்காலமே. நல்ல பெண்மணி.

நிலையத்தில் அடுத்த கட்டத்துக்கும் இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன்.

அண்ணன்

ஏப்ரல் 16

அண்ணா,

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் கூப்பிடும் நாள் வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கை, படி, பழம். போன மாதம் நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். பிறகு டாக்டர் பேசினார். உடனே நிறுத்துகிறோம், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று என்றார். அந்த லாரிக்காரர் வீட்டுக்கும் ஆள் அனுப்புகிறார்களாம்.

மாத்திரையைத் திருப்பி வாங்க வருவார்கள். கொடுத்துவிடு. நீ கொடுத்துவிடுவாய், அதுதானே பயம்.

போன கடிதத்தை எரித்துவிடு. பந்து அறையும் கரையானும் நானாகக் கட்டியது, ஒன்றும் உண்மையில்லை. உன் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, அவர்தான் வைத்திருக்கிறார். எரித்துவிடு அண்ணா.

தங்கை

மே 19

எரிக்கவில்லை.

அப்போது எரிக்கத் தோன்றவில்லை, இப்போது மனமில்லை. மருந்து உடம்பை விட்டு இறங்க இறங்க அந்தக் கடிதம் ஒவ்வொரு வரியாக எனக்குப் புரிய ஆரம்பித்தது. முதலில் கரையான். ஒரு காலையில் பல் துலக்கும்போது 'முன்னுரையில் அச்சுப்பிழை' என்று ஞாபகம் வந்து, அந்தக் கோபத்தில் பல்லைக் கடித்தேன், மின்னல் வெட்டியது. இரண்டும் ஒரே நொடியில் திரும்பி வந்தன. வாழ்த்துகள். உன் அண்ணன் உனக்குக் கிடைத்துவிட்டான்.

நீயாகக் கட்டியது என்கிறாய். பிள்ளைகள் கத்தியதும் கட்டியதா? அம்மா வாசலைப் பார்த்தாளே, அதை நான் கண்ணால் பார்த்தேன். அதை எடுத்து என் மேல் வீச எத்தனை வருடமாகக் கையில் வைத்திருந்தாய்?

முகத்தைக் கேட்காதே. முன்பு காற்று பட்டால் வெட்டும், இப்போது காற்று வரும் என்று நினைத்தாலே வெட்டுகிறது. சன்னல்களில் அட்டை அடித்திருக்கிறேன். தண்ணீரைத் துணியில் நனைத்து உறிஞ்சுகிறேன். ஆனால் அது பெரிதில்லை.

நீ கன்னத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. ஆரஞ்சுப் பழங்களையும் தந்துவிட்டாய். அவர் வாய் அசைந்ததே, என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டிருக்கிறது. அப்போது காதில் விழுந்து அப்படியே கிடந்தது, இப்போது எழுந்து நிற்கிறது. "சார், கையக் குடுங்க சார்" என்றார். அவர் மகன் படியில் என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுகிறான். திட்டினால்கூடத் தாங்குவேன், மரியாதையாக வழி விடுகிறான்.

அந்த இரண்டு மாதம் நான் மனிதனாக இல்லை என்று உனக்குத் தோன்றலாம். எனக்குத் தெரிந்து நான் நிம்மதியாக இருந்தது அந்த இரண்டு மாதம்தான். அதைப் பறித்தாய். உன் வீட்டுக்காரர் பறித்தது ஒரு நாற்காலி. நீ பறித்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

போன வாரம் வந்து கதவைத் தட்டியது நீதான் என்று தெரியும். இருமினாய். திறக்கவில்லை.

நகரத்தின் மறுகோடியில் இன்னொரு நிலையம் இருக்கிறது. அங்கேயும் வாசலில் பலகை உண்டு. அதே வகை மருந்து, வேறு பேர். இங்கே சேர்ந்திருந்ததை அங்கே சொல்லப்போவதில்லை. அறையையும் அந்தப் பக்கமே பார்த்துவிட்டேன். துணைநபர் கேட்டார்கள். புது வீட்டுக்கார அம்மாவின் பேரைக் கொடுத்திருக்கிறேன், பத்து வருடப் பழக்கம் என்று. அவர் என்னைப் பார்த்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நல்லவர், எனக்காக ஒரு பொய் சொல்லச் சம்மதித்தார். நான் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரியாது. வாரம்தோறும் கேட்பார்கள், மாற்றம் ஒன்றும் இல்லை என்பார். அவருக்கு அது உண்மையாகவும் இருக்கும்.

இனி எழுத மாட்டேன்.

ஜூலை 2

அண்ணா,

அன்றைக்கு நான் இருமிவிட்டுப் போய்விடவில்லை. உன் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன், கடைசி பஸ் நேரம் வரைக்கும். உள்ளே நீ முனகுவது கேட்டது. நடுவில் ஒரு முறை அம்மாவைக் கூப்பிட்டாய். நாய்க்குட்டி கதவைப் பிறாண்டுவது போல ஒரு சத்தம் வந்தது. நாய் வளர்க்கிறாயா என்று நினைத்தேன். அப்புறம்தான் அது நீ என்று தெரிந்தது. அதை நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை உன் வீட்டுக்கார அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். பழைய நிலையத்துச் சீட்டு ஒன்று உன் மேசையில் கிடந்ததாம், அதில் என் நம்பர் இருந்ததாம். விலாசத்தையும் அவரே சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா. வந்தப்ப எரிஞ்சு எரிஞ்சு விழுந்தார். வலின்னு தெரிஞ்சு நான் ஒண்ணும் பேசலை. இப்போ பத்து நாளா தங்கமா இருக்கார். சத்தமே இல்லை. எதுக்கும் சரிங்கறார். வாராவாரம் அங்கேருந்து கூப்பிட்டுக் கேக்கறாங்க, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. நீங்க கூடப் பொறந்தவங்க. அவர் எப்பவுமே இப்படித்தானா?" என்றார்.

போனைக் காதில் வைத்தபடி திரும்பினேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன்னை மறுபடி அந்த அட்டை அடித்த அறைக்குள் தள்ளிவிடலாம். எனக்குப் பழக்கமான வேலைதானே.

"ஆமாம்மா, எப்பவுமே இப்படித்தான்" என்றேன்.

"அப்பாடா" என்றார் அந்த அம்மா. "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. பேத்தியை இவர்கிட்ட விட்டுட்டுத்தான் கடைக்குப் போறேன். தவழ ஆரம்பிச்சிருக்கா, ஒரு இடத்தில நிக்க மாட்டேங்கறா. சார் பார்த்துக்கறார்." போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கடைக்குப் போயிருப்பார். நான் இப்போது பஸ் நிலையத்தில் இருக்கிறேன். அடுத்த வண்டியில் இந்தக் கடிதத்தை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அதற்கடுத்த வண்டியில், கவுன்டரில் ஆள் மாற்றிவிட்டு, நானே வருகிறேன்.

அண்ணா, இதைப் படிக்கிறபோது நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாயோ தெரியாது. அந்தக் குழந்தை அழுதால் எழுந்திரு. அடுப்புப் பக்கம் போனால், படிப்பக்கம் போனால் எழுந்திரு. எழுந்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றாது. அதற்காகக் காத்திருக்காதே. நான் சொன்னேன் என்று எழுந்திரு.

தங்கை